சயான் எல்லையும் நம் இல்லங்களும்

மும்பைத் தமிழர் ஒருவரைப் பார்த்து, 'எங்கே குடியிருக்கிறீர்கள்?' என்று வினவினால், நெடுங்காலம் வரை அவர் தரும் விடை மூன்றில் ஒன்றாகவே இருந்தது: தாராவி, மாட்டுங்கா, செம்பூர். இன்று நம்மவர் முலுண்டு, டோம்பிவிலி, நவி மும்பை என்று எங்கும் பரவிவிட்டனர். ஆயினும் ஊரிலிருந்து வரும் உறவினர்க்கு இம்மூன்று பெயர்களே இன்னும் மனப்பாடம்.

மூன்றும் ஒன்றற்கொன்று அண்மையில் உள்ளவை. தாராவியிலிருந்து மாட்டுங்காவிற்கு நடந்தே போய்விடலாம். செம்பூருக்குப் பேருந்தில் அரைமணி நேரம் போதும், சாலையில் நெரிசல் இல்லாவிட்டால். (நெரிசல் இல்லாத நாள் எது என்று அன்பர்கள் கேட்கக்கூடும், அதற்கு எங்களிடம் விடை இல்லை.) இவற்றுக்கிடையே ஓர் எல்லை ஓடுகிறது என்பதை நாள்தோறும் அதைக் கடப்போரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டத்தைச் சேர்ந்தவை. செம்பூரோ மும்பைப் புறநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. குடிநீர் தரவும் குப்பை அள்ளவும் மாநகராட்சி ஒன்றே; நிலத்திற்கும் வருவாய்க்கும் சான்றிதழ்களுக்கும் மாவட்ட ஆட்சியர் இருவர். ஒருவர் அலுவலகம் தெற்கே கோட்டைப் பகுதியிலும், மற்றவர் அலுவலகம் பாந்திராவிலும் உள்ளன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர மாவட்டத்தில் ஏறத்தாழ 31 லட்சம் மக்கள். புறநகர் மாவட்டத்தில் 93 லட்சத்திற்கும் மேல். பெயரில்தான் அது புறநகர். மக்கள் தொகையில் நகரம் அதுவே.

எங்கள் குடும்பம் இவ்வெல்லையின் இருபுறமும் பரவியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தாத்தா தாராவியில் தோல் பதனிடும் கூடமொன்றில் வேலை பார்த்தார். தந்தையார்க்குத் திராம்பேயில் தொழிற்சாலை வேலை கிடைத்தபோது நாங்கள் செம்பூருக்குக் குடிபெயர்ந்தோம். தாத்தாவின் வீட்டில் பெரியப்பாவும் சித்தப்பாவும் தங்கிவிட்டனர். ஆகவே பொங்கலுக்குத் தொண்ணூறடிச் சாலைக்குச் சென்று தெருவில் வரிசையாக அடுப்பு மூட்டும் பெண்களோடு எங்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொள்வதும், முருகனைக் காணத் தாராவி உறவினர் செம்பூர் சேடா நகர்க் கோயிலுக்கு வருவதும் எங்களுக்கு வழக்கமாயின. சயானைக் கடப்பது வீட்டு முற்றத்தைக் கடப்பது போலிருந்தது.

சயான் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். மராத்தியர் அவ்வூரைச் 'சீவ்' என்பர். அதைச் சிவனோடு இணைத்து மகிழ்ந்த பெரியவர் சிலரை எங்கள் இளமையில் கண்டதுண்டு. அச்சொல்லுக்கு மராத்தியில் எல்லை என்பதே பொருள். 'சீமா' என்னும் வடசொல்லின் வழியில் வந்தது அது. நம் 'சீமை'யும் அவ்வழியில் வந்ததே. திருநெல்வேலிச் சீமையை விட்டுப் புறப்பட்டவர்கள் மற்றொரு சீமையின் ஓரத்தில் வந்து குடியேறினர் என்று சொன்னால் சொற்சிலம்பம் ஆகாது, உண்மையே அதுதான்.

எதனுடைய எல்லை? 1661இல் போர்த்துகீசிய இளவரசியின் திருமண ஒப்பந்தத்தின் வழியாகப் பம்பாய்த் தீவு ஆங்கில மன்னர்க்குக் கிடைத்தது. 1668இல் அவர் அதை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டார். ஆனால் சிறு கழிக்கு அப்பாலிருந்த சாஷ்டித் தீவு, அதாவது இன்றைய பாந்திரா, குர்லா, செம்பூர் முதலியவை அடங்கிய நிலம், போர்த்துகீசியரிடமே இருந்தது. இப்பக்கம் ஒருவர் கொடி, அப்பக்கம் வேறொருவர் கொடி. வாணிகம் செய்து பிழைக்க வந்த தீவிற்கு அரிசியும் காய்கறியும் மரமும் அக்கரையிலிருந்துதான் வரவேண்டும். வரும் வழியிலோ அயலார் சுங்கச் சாவடி. எனவே ஆங்கிலேயர் சயான் குன்றின்மேல் ஒரு கோட்டையைக் கட்டினர். மாகிமில் ஒன்றை வலுப்படுத்தினர். தாராவியிலும் கழியைப் பார்த்தபடி ஒன்று எழுந்தது. 'காலா கில்லா' என்று தாராவி மக்கள் சொல்வது அதைத்தான். 1737இல் ஆளுநர் ஜான் ஹார்ன் கட்டளையால் கட்டப்பட்டதென்று அதன் கல்வெட்டு கூறுகிறது. அதே ஆண்டில்தான் மராத்தியர் சாஷ்டியின்மேல் படையெடுத்தனர். 1739இல் வசாய்க் கோட்டையும் அவர்கள் வசமாயிற்று. இன்று காலா கில்லாவைச் சுற்றி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அங்கே விளையாடிய சிறுவர்கள் அஃது ஒரு நாட்டின் காவல் அரண் என்பதை அறியார். நாங்களும் பள்ளி முடித்து வெகுநாள் கழித்தே அறிந்தோம்.

1774இல் சாஷ்டியை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1782இல் சால்பாய் உடன்படிக்கை அதை உறுதி செய்தது. அத்துடன் இருகரையும் ஒரே ஆட்சியின்கீழ் வந்துவிட்டன. எல்லை அழிந்திருக்க வேண்டும், அழியவில்லை. பம்பாய் தனி, தாணா மாவட்டம் தனி என்று நிருவாகம் அதைக் காப்பாற்றி வைத்தது. சயானில் கழியின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலைக்கரை போடப்பட்டபோதும், கடப்போரிடம் சில காலம் சுங்கம் வசூலித்தனர். மாகிமிலோ வேறு கதை. அங்கே கரையமைக்கும் செலவை ஏற்க அரசு தயங்கியது. சர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவியார் அவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்து, கடப்போரிடம் ஒரு காசும் சுங்கம் வாங்கலாகாது என்று நிபந்தனை விதித்தார். 1845இல் அக்கரை திறக்கப்பட்டது.

இதைப் படித்தபோது எங்களுக்கு நம் ஊர்ப் பாலம் நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியின்மேல் நிற்கும் பாலத்தைத் தம் சொந்தப் பொருளால் கட்டிக்கொடுத்தவர், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பணியாற்றிய சுலோசன முதலியார். அது திறக்கப்பட்ட ஆண்டு 1843. இரண்டே ஆண்டு இடைவெளியில் இரு வேறு நாட்டில் இருவர், அரசு செய்யாததைத் தம் கைப்பொருளால் செய்தனர். திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் வெவ்வேறு நகராட்சிகளாகவே நெடுங்காலம் இருந்து, 1994இல் ஒரே மாநகராட்சியாயின. ஆற்றின் இக்கரையில் கடைவீதியும் கோயிலும், அக்கரையில் பள்ளிகளும் என்று வாழ்ந்து பழகிய திருநெல்வேலியார்க்கு, இரண்டு அலுவலகங்களுக்கு உட்பட்ட ஒரே ஊர் என்பது மும்பைக்கு வந்துதான் தெரியவேண்டியதில்லை.

எல்லை என்று ஒன்று இருந்தால், வேண்டாதவற்றை அதன் ஓரத்திலோ அதற்கப்பாலோ தள்ளுவது நகரங்களின் இயல்பு. பம்பாய் நகராட்சி தன் ஆடுமாடு அறுக்கும் கூடத்தைக் கழிக்கு அப்பால், தாணா மாவட்டத்திற்கு உட்பட்டிருந்த பாந்திராவில் வைத்தது. அக்கூடத்துத் தோல், கழியின் இப்புறம், நகரின் கடைசிச் சேற்று நிலமாகிய தாராவிக்கு வந்தது. அங்கே முன்பிருந்தவர்கள் மீன்பிடிக்கும் கோளிகள். தோல் தொழிலோடு நம் தென்பாண்டி நாட்டு முஸ்லிம்களும் ஆதிதிராவிட மக்களும் வந்தனர். குடிப்பதற்கு நல்ல நீரில்லாத இடத்தில், நாற்றத்தின் நடுவில், அவர்கள் நிலத்தை நிரப்பிக் குடிசை கட்டினர். 'சேற்றில் இறங்கினால் முழங்கால். குப்பை கொட்டிக் கொட்டித்தான் தரையாக்கினோம்' என்பார் தாத்தா. நகரம் தந்ததன்று அந்நிலம், அவர்கள் உண்டாக்கியது. இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னே வரும்.

நகரின் குப்பையும் எல்லை கடந்தே போயிற்று. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் போடப்பட்ட இருப்புப்பாதை குப்பை வண்டிகளுக்காகப் போடப்பட்டது. மக்கள் ஏறிச் செல்ல 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதையடுத்த தேவ்நாரில் சதுப்பு நிலத்தை வாங்கிக் குப்பை கொட்டினர். இன்று செம்பூரில் வீட்டு விலையைக் கேட்டு மயங்குவோர் இதையும் தெரிந்துகொள்ளலாம்.

மாட்டுங்காவின் வரலாறு வேறு. 1896இல் பிளேக் நோய் நகரைச் சூறையாடிய பின், 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை ஒன்றை அரசு ஏற்படுத்தியது. அது நகராட்சிக்குக் கட்டுப்படாத தனி அமைப்பு. ஆக, நகருக்குள்ளேயே இரண்டு அதிகாரங்கள்! தாதர் முதல் சயான் வரை கிடந்த வயல்களையும் திட்டுகளையும் அவ்வறக்கட்டளை எடுத்து, நேர்த்தெருக்களும் வட்டப் பூங்காவும் அமைத்தது. 1933இல் அது நகராட்சியோடு இணைந்தது. அத்தெருக்களில் எழுந்த அடுக்கு வீடுகளில்தான் எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தென்னாட்டார் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. 1952இல் ஷண்முகானந்த சபை தோன்றி, 1963இல் தனக்கென அரங்கம் கண்டது. வாழையிலையும் பில்டர் காப்பியும் மல்லிகைச் சரமும் மாட்டுங்காவின் அடையாளங்களாயின. எல்லாம் பெருமைக்குரியனவே. ஆனால் ஒன்றையும் மறைக்கலாகாது. அங்கிருந்து நடக்கும் தொலைவில் தாராவித் தமிழர் இருந்தனர். மொழி ஒன்றாயினும் பந்தி ஒன்றாக இல்லை. பம்பாய்க்கும் தாணாவுக்கும் நடுவே ஆங்கிலேயர் காத்த எல்லையைவிட, நம்மவர் தமக்குள் ஊரிலிருந்து சுமந்து வந்த எல்லை உறுதியானது என்பது எங்கள் எண்ணம். தாத்தா மாட்டுங்காவுக்குப் போனது பூ வாங்கவும் செருப்புத் தைத்துக் கொடுக்கவுமே. நாங்கள் கச்சேரி கேட்கப் போனோம். இடையில் இரண்டு தலைமுறை.

செம்பூர் 1920இல் தாணாவிலிருந்து பிரிக்கப்பட்ட பம்பாய்ப் புறநகர் மாவட்டத்தில் அடங்கியது. நாடு பிரிந்தபோது சிந்தி அகதிகளுக்கு அங்கே முகாம் அமைந்தது. 1950களில் திராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிறுவனமும் வந்தன; 1960களில் உரத் தொழிற்சாலை வந்தது. படித்தவரும் படியாதவருமாகத் தமிழர் பலர் அங்கே வேலை பெற்றனர். மாட்டுங்காவில் இடம் போதாதவர்களும் தாராவியிலிருந்து ஒரு படி ஏற விரும்பியவர்களும் செம்பூரில் வந்து சந்தித்தனர். அங்கே ஒரே மாடிப்படியில் ஏறி இறங்க நேர்ந்ததால், பந்தி பற்றிய பழைய கணக்குகள் சற்றே தளர்ந்தன என்று எங்கள் அன்னையார் சொல்வதுண்டு.

இதற்கிடையில் 1950இல் மாநகராட்சியின் எல்லை சயானைத் தாண்டி விரிந்தது. 1957இல் தகிசர், முலுண்டு வரை நீண்டது. 'பெரிய பம்பாய்' என்றனர். மாவட்டமும் ஒன்றாகவே இருந்தது. எல்லாம் ஒன்றாயின என்று நிம்மதியுற்ற வேளையில், 1990 அக்டோபர் முதல் நாளில் மாவட்டத்தை மீண்டும் இரண்டாக்கினர். பழைய கழியின் வழியிலேயே, மாகிம் ஒருபுறமும் சயான் மறுபுறமுமாகக் கோடு விழுந்தது. கழி சுருங்கி, மித்தி ஆறு கறுத்தோடும் சாக்கடையாகிவிட்டது. கோடு மட்டும் பழுதின்றி இருக்கிறது.

அன்றாட வாழ்விலும் அக்கோடு கண்ணில் படும். செம்பூரில் ஏறும் ஆட்டோ சயானைத் தாண்டி நகருக்குள் நுழைய அனுமதி இல்லை. முதியவர்களையும் மூட்டைகளையும் இறக்கி, டாக்சிக்குக் கைகாட்ட வேண்டும். மின்சாரமும் அப்படியே. நகரத் தீவில் பெஸ்ட் நிறுவனம்; அப்பால் வேறு நிறுவனங்கள். சித்தப்பா வீட்டுக் கட்டணச் சீட்டும் எங்கள் வீட்டுக் கட்டணச் சீட்டும் ஒரே ஊரைச் சேர்ந்தவை என்று வெளியூரார் நம்பமாட்டார். சான்றிதழ் விஷயத்தில் வேடிக்கை இன்னும் மிகுதி. எங்கள் இல்லத்துப் பெண்ணொருத்தி தாராவியில் பிறந்து, அங்கேயே பள்ளியில் பயின்று, பின்னர்ச் செம்பூரில் எங்களோடு தங்கிக் கல்லூரிக்குச் சென்றாள். வசிப்பிடச் சான்று கேட்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றால், 'பழைய சான்றுகள் அந்த மாவட்டத்தவை; அங்கே கேளுங்கள்' என்றனர். அங்கே சென்றால், 'இப்போதைய முகவரி இந்த மாவட்டத்தது அன்று' என்றனர். எந்த அலுவலகங்கள் என்று குறிப்பிட வேண்டுவதில்லை. இருவரும் மரியாதையாகவே பேசினர். கல்லூரியில் சேரும் கெடுவிற்கு முந்தைய நாள் மாலையில்தான் தாள் கையில் கிடைத்தது. இத்தனைக்கும், நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் தாராவியும் செம்பூரும் ஒரே தொகுதி! தென்மத்திய மும்பைத் தொகுதி கோட்டின் இருபுறமும் கால் வைத்து நிற்கிறது. வாக்குக் கேட்க வருவோர்க்கு எல்லை இல்லை.

இவை எல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய இடர்கள். இப்போது வந்திருப்பது வேறு வகை.

ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்புள்ள தாராவியைப் புதிதாகக் கட்டும் திட்டம் 2022 நவம்பரில் அதானி குழுமத்திற்குக் கிடைத்தது. அதற்கென அமைந்த நிறுவனத்தில் அக்குழுமத்தின் பங்கு 80 விழுக்காடு. மாநில அரசின் பங்கு 20 விழுக்காடு. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கி, கதவுகளில் எண் எழுதினர். விதி இதுதான்: 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும். அதன்பின் 2011 வரை வந்தோர்க்கு, இரண்டரை லட்சம் ரூபாய் செலுத்தினால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்கும் பின்வந்தோர்க்கும் மேல்தளங்களில் வாழ்வோர்க்கும் வெளியேதான் இடம். வாடகையோ தவணையோ செலுத்த வேண்டும். 'வெளியே' என்பது எங்கே? இதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களைப் பாருங்கள்: குர்லாவில் பால்பண்ணை நிலம், காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு உப்பளங்கள், தேவ்நார்க் குப்பைமேட்டில் 124 ஏக்கர். அனைத்தும் புறநகர் மாவட்டம். அனைத்தும் கோட்டிற்கு அப்பால்.

தாராவி வீடுகளைக் கண்ட அன்பர்கள் அறிவர்: தரைத்தளத்தின் மேல் ஓர் அறை, அதன்மேல் இன்னோர் அறை, வெளிச்சுவரில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. சேற்றை நிரப்பித் தாத்தா கட்டிய தரையில் இன்று பெரியப்பா குடும்பம் இருக்கிறது. மேலறையில் சித்தப்பா குடும்பம். மேலறை எழுந்து நாற்பதாண்டு ஆகிறது. சித்தி அங்கே தையல் எந்திரத்தை வைத்து, கீழே இரண்டு தெரு தள்ளியுள்ள பட்டறைக்குப் பைகளுக்கு உள்துணி தைத்துக் கொடுக்கிறார். பட்டறை நடந்து போகும் தொலைவில் இருப்பதால்தான் அவ்வேலை. விதியின்படி பெரியப்பா தாராவியில் இருக்கலாம்; சித்தப்பா வெளியேற வேண்டும். ஆண்டுக் கணக்கு ஒன்றே, சேறு ஒன்றே, தந்தை ஒருவரே. ஏணியின் அடியும் முடியும் மட்டும் வேறு.

திட்டமே கூடாது என்பது எங்கள் கருத்தன்று. பலருக்குப் பொதுவான கழிப்பறை முன் விடியலில் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் நாங்கள். தனிக் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் உள்ள வீட்டைச் சித்தியும் விரும்புகிறார். 'கீழே இருப்பவருக்கு இங்கே வீடு, மேலே இருப்பவருக்கு வேறெங்கோ வீடு என்றால், ஏணியை எங்கே கொண்டுபோய்ச் சார்த்துவார்கள்?' என்றுதான் அவர் கேட்கிறார். எங்களுக்கு விடை தெரியவில்லை. அடுத்த மாவட்டத்தில் அவருக்குப் பை தைக்கும் பட்டறை இராது. பேரப்பிள்ளைகளின் பள்ளி மாறும். சான்றுக்கு இனி எந்த ஆட்சியரிடம் போவது என்ற பழைய வழக்கும் மீண்டும் தொடங்கும். பழைய காலத்தில் குப்பை வண்டி சென்ற திசையிலேயே தாங்களும் அனுப்பப்படுவதைச் சித்தப்பா கவனித்திருக்கிறார். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

இப்போது செய்யக்கூடியது தாள்களைத் திரட்டுவதே. சென்ற ஞாயிறன்று செம்பூரிலிருந்து நாங்கள் அனைவரும் சென்று, பரண்மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். மின்கட்டணச் சீட்டுகள், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் நகல், பெரியப்பாவின் பள்ளிச் சான்று எல்லாம் இருந்தன. தாத்தாவின் பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பெயரை மராத்தியில் எழுதிய எழுத்தர் ஒவ்வொருவரும் தம் காதுக்கு எட்டியபடி எழுதியுள்ளனர். தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் வரும் நம் வழக்கமும் அவர்களைக் குழப்பியிருக்கிறது. பல வீடுகளில் இதே நிலை என்று அண்டை வீட்டார் கூறினர். நான்கு எழுத்துவகைகளும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழித் தாள் எழுதி, வழக்கறிஞர் முன்னிலையில் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறோம். மேலறைக்கென்று தனி மின்மானி 1990களில் வாங்கியதற்கான ரசீது ஒன்று கிடைத்தது. அதைச் சித்தி ஞெகிழி உறையிலிட்டுத் தையல் எந்திரத்தின் இழுப்பறையில் வைத்திருக்கிறார். கதவில் எழுதிய எண் மழையில் மங்கிவிட்டதால், அதன்மேல் சித்தப்பா வண்ணம் தீட்டி எழுதியுள்ளார். பட்டியலில் பெயர் வந்ததா என்று பார்க்க அடுத்த வாரம் மீண்டும் போக வேண்டும்.